கிட்டங்கி யாருடையது?

சென்ற மாதம் தோட்டத்துக் கணக்கு விஷயமாகப் பினாங்கு நகருக்குச் செல்ல நேர்ந்தது. காரியம் முடிந்தபொழுது பசி வேளையாகிவிட்டபடியால், பெங்காலான் வெல்டு என்னும் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பழைய கிட்டங்கிக்குள் நுழைந்தேன். கிட்டங்கி என்று நான் சொல்லுகிறேன். வாசலில் வேறு பெயர் எழுதியிருந்தது. உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மரவுத்திரங்களுக்கு எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கியிருந்தார்கள். சுவரின் சுண்ணாம்பை ஆங்காங்கே வேண்டுமென்றே உரித்துச் செங்கல்லைக் காட்டியிருந்தார்கள். ஒரு கோப்பைக் காப்பிக்குக் கேட்ட விலையைச் சொன்னால், எங்கள் தோட்டத்து ஜனங்கள் நான் பொய் பேசுவதாகவே நினைப்பார்கள்.

சுவரில் ஒரு பித்தளைப் பலகை. கட்டடத்தைக் கட்டுவித்த வியாபார ஸ்தாபனத்தின் பெயர், பின்னர் அதை விலைக்கு வாங்கிய கனவானின் பெயர், புதுப்பித்த நிபுணரின் பெயர் எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. காப்பி கொண்டுவந்த இளைஞர் நம்மவர். "தம்பி, முன்னாளில் இந்த இடத்தில் என்ன நடந்தது?" என்று அவரைக் கேட்டேன். "ஒன்றுமில்லை அண்ணே, சும்மாதான் கிடந்தது" என்றார்.

சும்மா கிடந்ததாம்! என் தாயைப் பெற்ற பாட்டனார் யுத்தம் முடிந்தபின் 1946-இல் இந்தக் கடற்கரைக்கு வந்து, 1972 வரை இருபத்தாறு ஆண்டுகள் மூட்டை சுமந்தார். அவருடைய வலத் தோள் இடத் தோளைவிடத் தாழ்ந்திருந்ததாக என் தாயார் சொல்லுவார்கள். அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? பலகை சொல்லவில்லை, பள்ளிக்கூடம் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அவர் பாட்டனாரும் அதே கதவு வழியாகச் சுமை தூக்கியிருக்கக்கூடும் என்பதை அவர் அறியார். அறியாமலே அதே கதவு வழியாகக் காப்பிக் கோப்பை தூக்குகிறார்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஆங்கிலத்தில் கற்றவன். என் தகப்பனார் கடன்பட்டு என்னை அப்படிப் படிக்கவைத்தார். பள்ளியில் "கோடவுன்" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து, பாட்டியார் "கிட்டங்கி" என்றபோதெல்லாம் அது பட்டிக்காட்டுப் பேச்சு என்று மனத்துக்குள் நாணியிருக்கிறேன். பின்னாளில் கண்டது என்னவெனில், 1886-இல் யூல், பர்னெல் என்னும் இரு ஆங்கிலேயர் வெளியிட்ட அகராதியே அந்தக் கோடவுனின் பூர்வோத்தரத்தை ஆராய்ந்து, மலாய் மொழியின் "குடாங்" வழியாகத் தெலுங்குக் கிட்டங்கியிலும் தமிழ்க் கிடங்கிலும் கொண்டுபோய் விட்டிருக்கிறது! கிட என்னும் வினையடியிற் பிறந்தது கிடங்கு. பொருள் கிடக்கும் இடம். பழைய நூல்களில் அச்சொல் அகழியையும் குறிக்கும். நம் வாயிலிருந்து கடல் தாண்டிப்போய், துரைமார் வாயில் ஏறி, துரைத்தன உடை உடுத்துத் திரும்பிவந்த சொல்லைக் கண்டு எழுந்து நின்று வணங்கினேன். வீட்டிலே இருந்த தாயை அறியவில்லை. சொல்லுக்கு நேர்ந்த கதிதான் கட்டடத்துக்கும் நேர்ந்திருக்கிறது என்பது என் கட்சி.

இனிக் கடற்கரைக்கு வருவோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கொடியை இத்தீவில் ஏற்றிச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கினார். அந்நாளில் பெங்காலான் வெல்டு என்ற சாலையே இல்லை. இன்று வங்கிகள் வரிசையாக நிற்கும் பீச் தெருதான் கடலோரம். பெயரே அதைச் சொல்லுகிறதல்லவா? கடைகளின் முன்வாசல் தெருவை நோக்கும். பின்வாசல் அலையை நோக்கும். பின்வாசலில் படகு வந்து நிற்கும். சரக்கு நேரே கிட்டங்கிக்குள் ஏறும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலம் சேர்த்தார்கள். 1880 முதல் 1887 வரை கவர்னராயிருந்த பிரெடரிக் வெல்டு என்பாரின் பெயரைப் புதுக் கரைக்குச் சூட்டினார்கள். பழைய தெருக்கள் புதுக் கரைவரை நீண்டன. நீண்ட துண்டுகளுக்குக் "காட்" என்று பெயர் வந்தது. சூலியா தெருக் காட், சீனத் தெருக் காட், மார்க்கெட் தெருக் காட் என்று இன்றும் பலகைகளில் காணலாம். காட் என்பது நீரில் இறங்கும் துறை. வட இந்தியச் சொல். ஆக, நகரின் ஒவ்வொரு தெருவும் கடலில் கால் வைத்து நின்றது.

அந்தக் கிட்டங்கிகளைக் கட்டினவர்கள் கெட்டிக்காரர்கள், அதை மறுப்பதற்கில்லை. கனத்த செங்கற்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கூரை, உயரத்தில் காற்றுத்துளை, மாட்டுவண்டி நுழையத்தக்க கதவு. மிளகு, கிராம்பு, சாதிக்காய், கொப்பரை, அரிசி, ஈயம், அபின், பின்னாளில் ரப்பர் என்று எது வந்தாலும் ஏற்றது. கப்பல்கள் பல ஆழத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும். தோங்காங் என்னும் பெரும் படகுகள் சரக்கைக் கரைக்கும் கப்பலுக்குமிடையே சுமக்கும். தோங்காங்குக்கும் கரைக்கும் நடுவில் ஒரு பலகை. அதன்மேல் மனிதன் நடப்பான். ரப்பர்ச் சிப்பம் ஒன்று நூறு கிலோவுக்கு மேல். மழையில் பலகை வழுக்கும். பாட்டனார் ஒருமுறை விழுந்தார். சிப்பம் மேலே விழாததால் என் தாயார் பிறந்தார்கள்.

இந்த வேலைக்கு நம்மவர் நேற்று வந்தவர்களல்லர். லைட் துரையே 1794-இல் எழுதிய கடிதத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கப்பலில் வந்து, வியாபாரத்திலும் கூலி வேலையிலும் சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்றும், அவர்களிடத்தில் வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றும் குறிக்கிறார். நகரம் தோன்றி எட்டாண்டுகூட ஆகவில்லை! கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குயின் தெருவின் மாரியம்மன் கோயிலும் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன, நல்லது. அந்த வாசல்களில் தொழுதவர்கள் விடிந்ததும் எங்கே போனார்கள் என்று எந்த வழிகாட்டியும் சொல்லுவதில்லை. கிட்டங்கிக்குப் போனார்கள், ஐயா!

இங்கே என் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒரு கிராணி. எங்கள் தோட்டம் இன்று செம்பனைத் தோட்டம். முன்னாளில் கித்தாத் தோட்டம். அலுவலக அலமாரியில் கரையானுக்குத் தப்பிய பழைய பேரேடுகள் சில இருக்கின்றன. பினாங்குக் கிட்டங்கிக்கு அனுப்பிய ஷீட்டு ரப்பரின் தரம், எடை, பெட்டிக் குறி, அனுப்பிய தேதி, கப்பலின் பெயர் யாவும் அழகிய கையெழுத்தில் உண்டு. ஒரு பவுண்டு குறைந்தாலும் சிவப்பு மையில் காரணம் எழுதியிருக்கிறது. ஏற்றி இறக்கியவர்களுக்கு ஒரே ஒரு வரி: "கூலி, ஆள் 14." அவ்வளவுதான். எழுதினவர் என்னைப்போன்ற தமிழ்க் கிராணி. அந்தப் பதினால்வரையும் அவருக்கு முகம் தெரியும், ஊர் தெரியும், சாதி கூடத் தெரிந்திருக்கும். ஆனால் பேரேட்டில் பெயர்க் கட்டம் இல்லை, கட்டமில்லாததால் எழுதவில்லை. பித்தளைப் பலகையின் தகப்பன் அந்தப் பேரேடு. நான் அதன் பேரன். ஆகவே பிறர்மீது கல்லெறியுமுன் என் நெற்றியில் ஒன்று எறிந்துகொள்ளுகிறேன்.

கிட்டங்கிகள் சும்மா கிடக்கும்படி ஆனது எவ்வாறு? 1969-இல் பினாங்கின் சுங்கமில்லாத் துறைமுக உரிமை நீக்கப்பட்டது. சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிகளில் அடைபட்டு வரத் தொடங்கிற்று. பெட்டியைத் தூக்க இயந்திரம் போதும், தோள் வேண்டாம். பெருங்கப்பல்களின் வேலை நீரிணைக்கு அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போயிற்று. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை திறந்தார்கள். அங்கே மின்னணுச் சாமான் கோக்க இளம் விரல்கள் வேண்டியிருந்தன, காய்த்த தோள்களை யாரும் கேட்கவில்லை. பாட்டனார் நின்ற ஆண்டும் அதுவே. ராஜுலாக் கப்பலும் மறு ஆண்டில், 1973-இல், ஓட்டத்தை நிறுத்திற்று. போகிறவர்கள் போனார்கள், இருந்தவர்கள் பழைய வாடகையில் பழைய வீடுகளில் ஒட்டிக்கொண்டார்கள். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைக் காத்துவந்தது. 1997-இல் அதை ரத்துச் செய்து வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் அது முழு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் என்ன நடந்திருக்கும் என்பதை வாடகை வீட்டில் குடியிருக்கும் எவரும் ஊகிக்கலாம். ஜனம் வெளியேறிற்று. காலியான கட்டடங்களில் சிலவற்றைக் கூட்டுக்காகப் பறவை வளர்ப்போர் பிடித்துக்கொண்டனர். சன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் போட்டு, மனிதர் குடியிருந்த அறைகளை உழவாரன் குருவிக்குக் கொடுத்தார்கள். 2013-க்குள் அதை மரபு வட்டாரத்திலிருந்து அகற்றவேண்டும் என்று மாநில அரசாங்கம் தவணை வைக்கவேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில், 2008 ஜூலை 7-இல், ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலக மரபுச் செல்வப் பட்டியலில் ஏறின. ஜார்ஜ் டவுனில் 109 ஹெக்டருக்குச் சற்று மிகுந்த நிலம் மூலவட்டாரம். அதைச் சுற்றி 150 ஹெக்டர் காப்பு வட்டாரம். பலரும் மறந்துவிட்ட ஒரு சங்கதி இங்கேதான் இருக்கிறது. பட்டியலில் ஏற்றியது வெறும் செங்கல்லுக்காக அன்று. பல இனத்தவர், பல சமயத்தவர் வணிகத்தின் பொருட்டு ஒன்றுகூடி வாழ்ந்த வாழ்க்கையின் உயிருள்ள சான்று என்பதற்காகவே ஏற்றினார்கள். உயிருள்ள சான்று! சான்று சொல்லவேண்டிய உயிர்களை 2000-இல் வெளியே அனுப்பிவிட்டு, 2008-இல் அவர்கள் பேரால் பட்டயம் வாங்கிக்கொண்டோம். அதற்கும் இரண்டாண்டுக்கு முன்பே, 2006-இல், கடல்மேல் கால்நட்டு நின்ற சீனக் குலத்தவர் மரத்துறைகளில் இரண்டை, வீடு கட்டுவதற்கென்று இடித்தாயிற்று. இது தமிழனுக்கு மட்டும் வந்த இழவு என்று நினைப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

இப்பொழுது கிட்டங்கிகளின் நிலை என்ன? ஒன்று விடுதி, ஒன்று உணவகம், ஒன்று மதுக்கடை, ஒன்று கண்ணை ஏமாற்றும் ஓவியங்களின்முன் நின்று படம் பிடித்துக்கொள்ளும் காட்சிச்சாலை. ஆர்மீனியன் தெருவில் 2012-இல் லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகளின் அருகில் நிற்க, வெயிலில் வரிசை பிடிக்கிறார்கள். அந்த ஓவியர்மேல் எனக்குக் குறையில்லை, அழகான படம். வரிசையில் நிற்கும் கால்கள் எந்தக் கிட்டங்கியின் நடைபாதையில் நிற்கின்றன என்று ஒருவரும் கேளாததுதான் குறை.

"ஐயா, காப்பிக் கடை வரவில்லையானால் கட்டடமே விழுந்திருக்குமே! கூரை ஓட்டுக்குப் பணம் யார் கொடுப்பார்?" என்று மறுப்போர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, நான் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் ஒரு நினைவும் நிலைக்காது. விழுந்த கட்டடத்தைவிடக் காப்பி மணக்கும் கட்டடம் ஆயிரம் மடங்கு மேல். உயரத்தைப் 18 மீட்டருக்குள் அடக்கும் விதியையும் நான் இரு கை நீட்டி வரவேற்கிறேன். கடையை மூடு என்று சொல்ல நான் வரவில்லை. காப்பி விற்கிறவன் பொய்யையும் சேர்த்து விற்கவேண்டுமா என்றுதான் கேட்கிறேன். "பாரம்பரியம்" என்று மூச்சுக்கு மூச்சு முழங்குகிறார்களே, அந்தச் சொல்லில் முதலிலேயே "பாரம்" இருப்பதை ஒருவரேனும் கண்டாரா? (இலக்கணம் வல்லார் பொறுத்தருள்க, கிராணிக்கு எடைதான் கண்ணில் படும்.) பாரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை வாடகைக்கு விடுகிறார்கள்.

செய்ய முடியாததையா கேட்கிறேன்? இங்கிலாந்தின் வடபாகத்தில் லிவர்ப்பூல் என்னும் துறைமுகம் உண்டு. அங்கே 1846-இல் திறந்த ஆல்பர்ட் துறையின் கிட்டங்கிகள் இரும்புத் தூணும் செங்கல்லும் கொண்டு, தீப்பிடியாதபடி கட்டப்பட்டவை. 1972-இல் அவையும் மூடப்பட்டன. 1980-களில் புதுப்பித்து உணவகமும் கடையும் ஓவியக்கூடமும் வைத்தார்கள். ஆனால் 2007-இல் அதே துறையில் அடிமை வியாபாரத்துக்கென்று ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். தங்கள் ஊர் எந்த உடம்புகளை விற்றுச் செல்வம் சேர்த்தது என்பதைத் தங்கள் கிட்டங்கிச் சுவரிலேயே எழுதினார்கள். அதனால் யாருடைய உணவகமும் மூடப்படவில்லை. விற்றவனின் ஊரே இவ்வளவு எழுத முடிந்தபோது, சுமந்தவனின் மக்கள் இன்றும் வாழும் ஊரில் நான்கு வரி எழுத முடியாதா? அதே லிவர்ப்பூல், கடலோரத்தில் அளவுமீறிப் புதுக்கட்டடம் எழுப்பியதால், 2021-இல் உலக மரபுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதையும் நம் கனவான்கள் அறிந்துகொள்ளட்டும். பட்டயம் ஆயுட்காலச் சொத்தன்று.

சிங்கப்பூர் நண்பர்கள் நம்மைப் பார்த்து நகைக்கவேண்டாம். உங்கள் ஆற்றில் நிறைந்திருந்த தோங்காங்குகளை 1983-இல் அப்புறப்படுத்தினீர்கள். ஆறு சுத்தமாயிற்று, மெய்தான். 1993-இல் கிளார்க் கீயின் கிட்டங்கிகள் களியாட்டச் சாலையாயின. மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் பாய்விரித்துப் பெட்டியடி வைத்திருந்த கிட்டங்கிகள் இன்று எங்கே? அந்தத் தெருவில் நின்று கிட்டங்கி என்றால் எத்தனை பேருக்கு விளங்கும்?

சர்க்காரையும் முதலாளியையும் மட்டும் ஏசிவிட்டுக் கைகழுவுவது நம் பழைய வழக்கம். நம் சங்கங்களைப் பார்க்கிறேன். ஆண்டுவிழாவுக்குப் பந்தல், பிரமுகருக்குப் பொன்னாடை, பொன்னாடைக்குப் பதில் பொன்னாடை, படம், பத்திரிகைச் செய்தி. ஒரு பொன்னாடை விலையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம். துறைமுகத்தில் வேலை செய்த கிழவர்களில் இன்னும் சிலர் பினாங்கிலும் பிறையிலும் மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் எந்தச் சங்கத் தலைவர் போய், "பெரியவரே, தண்டல் யார்? கூலி என்ன? எந்தக் கதவு வழியாக ஏறினீர்கள்?" என்று கேட்டார்? இலக்கிய மன்றத்தார் கப்பலோட்டிய சோழனைப் பாடுவார்கள். கப்பலிறக்கிய சுப்பனைப் பாடமாட்டார்கள். கடாரம் கொண்டதைப் பெருமையாகப் பேசும் நாவுக்கு, கடாரத்துக் கித்தாவைச் சுமந்ததைப் பேச வெட்கம். அந்த வெட்கம் எனக்கும் இருந்தது. பள்ளிப் பிராயத்தில் பாட்டனாரின் தொழில் என்னவென்று கேட்ட ஆசிரியரிடம், "துறைமுகத்தில் உத்தியோகம்" என்று சொன்னவன் நான்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். மரபு வட்டாரத்தில் எந்தக் கிட்டங்கியைப் புதுப்பிக்க அனுமதி தந்தாலும், அனுமதிச் சீட்டிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: உள்ளே என்ன சரக்கு கிடந்தது, யார் அதைச் சுமந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் வாசலில் எழுதவேண்டும். பல கிட்டங்கிகளில் ஒன்றே ஒன்றையாவது வாடகைக்கு விடாமல் வைத்து, தோங்காங்கின் துண்டோ, மூட்டைக் கொக்கியோ, பெட்டிக் குறி அச்சோ எது கிடைத்தாலும் அதில் வைக்கட்டும். அந்தக் கிட்டங்கிக்குத் தமிழில் கிட்டங்கி என்றே பெயர் போடட்டும். தோட்டங்களின் பழைய பேரேடுகளை எரிக்குமுன் கிராணிமார் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். எங்கள் தோட்டத்திலேயே ஒரு சுமை சென்ற ஆண்டு அடுப்புக்குப் போனதை நான் தடுக்கவில்லை. பயன்படாத காகிதம் என்றுதான் நானும் நினைத்தேன்.

காப்பிக் கடையிலிருந்து திரும்பிய அன்றிரவு என் தாயாரிடம் உட்கார்ந்து, பாட்டனாரின் கும்பலில் இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டேன். சிறுமியாயிருந்தபோது அவர்களுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துப்போனவர்கள் என் தாயார். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரு புதுத் தாளெடுத்து, பெயர்க் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். பதினொன்று கிடைத்தது. இருவருக்குப் பட்டப்பெயர்தான் தெரிகிறது. ஒருவர் மலாய்க்காரர், மூட்டை எண்ணும் வேலையிலிருந்தவர், தீபாவளிக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடாம். மீதிப் பேர் தாயாருக்கு நினைவில்லை. அடுத்த ஞாயிறன்று பிறையில் இருக்கும் ஒரு பெரியவரைக் கேட்கப் போகிறேன்; அவருக்குக் காது சற்று மந்தம் என்கிறார்கள்.

— ஒரு தோட்டக் கிராணி